பிரிக்க இயலாத பகுதி

2013 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் சென்றிருந்தேன். அங்கே என்னை விருந்தோம்பியவர் என் மதரஸாத் தோழர். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே கிதாபை ஓதியவர்கள். நான் ஓதிக் கொடுக்கும் பணியைப் பற்றிக்கொண்டேன். அவர் நான்காம் ஆண்டிலேயே கிதாபை மூடிவைத்துவிட்டுக் கடல் கடந்து சென்று கடை வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "ஹளரத், இன்றைக்கு அரும்பொருளகம் போகிறோம். லெகோக் கட்டைகளால் செய்த உருவங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மகள் ஒரு மாதமாக நச்சரிக்கிறாள்" என்றார். பத்து வயதுப் பெண்ணின் பொழுதுபோக்குக்கு நான் எதற்கு என்று தயங்கினேன். அவருடைய அடுக்ககத்திலேயே குடியிருக்கும் கட்டடப் பொறியாளர் ஒருவரும் வருவதாகச் சொன்னார். அந்தப் பொறியாளர் தமிழ் இலக்கியத்தில் தோய்ந்தவர், வாதத்தில் விட்டுக்கொடுக்காதவர். அவரோடு பேசிக்கொண்டு போகலாமே என்ற ஆசையில்தான் புறப்பட்டேன். திரும்பி வரும்போது என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. அதை இத்தனை ஆண்டுகள் சுமந்துவிட்டு இப்போதுதான் வாசகர் முன் வைக்கத் துணிகிறேன்.

மரினா பே கரையில், விரிந்த தாமரையைப் போலவும், பார்ப்பவர் மனநிலைக்கேற்ப விரல் விரித்த கையைப் போலவும் தோன்றும் கட்டடம் அது. மோஷே சஃப்டி என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது; 2011 இல் திறக்கப்பட்டது. கலை அறிவியல் அரும்பொருளகம் என்று பெயர். அங்கே 2012 நவம்பரில் தொடங்கி நடந்துகொண்டிருந்த கண்காட்சி, அமெரிக்கரான நேத்தன் சவாயா என்பவரின் படைப்புகளைக் கொண்டது. இவர் நியூயார்க்கில் வழக்குரைஞராக இருந்தவர். பகலெல்லாம் ஒப்பந்தப் பத்திரங்களோடு போராடிவிட்டு இரவில் வீட்டில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், 2004 இல் அந்தத் தொழிலையே துறந்து கட்டைகளோடு அமர்ந்துவிட்டார். பென்சில்வேனியா மாநிலத்து லான்காஸ்டர் நகரில் 2007 இல் முதல் கண்காட்சி நடந்தது. அதன்பின் அவருடைய உருவங்கள் கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்யத் தொடங்கின. வழக்குரைஞர் தொழிலை விட்டவரைப் பற்றிக் கேட்டவுடன், மதரஸாவை விட்ட என் தோழர், "எனக்கு முன்னோர் இருக்கிறார்கள், பார்த்தீர்களா!" என்று சிரித்தார்.

உள்ளே நுழைந்ததும் வாயடைத்துப் போனேன் என்று எழுதினால் அது பொய்யாகும். முதலில் எனக்குத் தோன்றியது, இவ்வளவு பொறுமையை மனிதன் இதற்கா செலவிட்டான் என்னும் சலிப்புத்தான். டைனசோர் என்னும் பண்டைய பெருவிலங்கின் எலும்புக்கூடு ஒன்று, 20 அடி நீளத்துக்கு, 80,000 க்கும் மேற்பட்ட கட்டைகளால் ஆனது, வாயைத் திறந்து நின்றது. அதைச் சுற்றிப் பிள்ளைகளின் கூச்சல். எண்ணிக்கையால் மலைக்க வைப்பது எளிய வித்தை என்று பொறியாளரிடம் முணுமுணுத்தேன். அவரோ கழுத்தெலும்பின் வளைவில் எடை எப்படித் தாங்கப்படுகிறது என்பதைக் கண்டறிய முயன்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூடத்தில் மஞ்சள் மனிதன் இருந்தான். இடுப்புக்கு மேற்பட்ட உருவம். முழுதும் மஞ்சள் கட்டைகள். தலையை அண்ணாந்து, இரு கைகளாலும் தன் நெஞ்சைத் தானே பிளந்து திறக்கிறான். உள்ளே குருதி இல்லை, ஈரல் இல்லை. மஞ்சள் கட்டைகளே திரண்டு முன்னால் சரிந்து கொட்டிக் கிடக்கின்றன. 11,000 க்கும் மேற்பட்ட கட்டைகளாம். அங்கே என் சலிப்பு நின்றுபோயிற்று. புறத்தோலும் அகப்பொருளும் ஒன்றேயான ஒரு மனிதன். தன்னைத் திறந்து பார்த்தும் தன்னைத் தவிர வேறொன்றையும் காணாதவன். தமிழில் உடம்புக்கு யாக்கை என்று ஒரு பெயர் உண்டு. யாத்தல் என்றால் கட்டுதல். செய்யுளை யாப்பதும் அதே சொல்தான். எலும்பும் தசையும் நரம்பும் சேர்த்துக் கட்டப்பட்டது யாக்கை; கட்டு அவிழ்ந்தால் இப்படித்தான் முன்னால் கொட்டும் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

தோழர் என் காதருகே வந்து, "ஹளரத், உருவம் சமைப்பதைப் பற்றி நாம் ஓதியதெல்லாம் நினைவிருக்கிறதா? இங்கே நின்று பார்க்கலாமா?" என்று பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் கேட்டார். அறிஞர் பெருமக்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளையும், விளையாட்டுப் பொருள்களுக்குத் தரப்பட்ட சலுகையையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடித்தேன். பாடம் சொல்லும் குரலில்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போதே நெஞ்சில் ஒரு முள் நெருடியது. அந்த முள்ளைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அந்த நேரத்தில்தான் தோழரின் மகள், காவலுக்கு நின்ற பணியாளரிடம் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு முகம் வாடித் திரும்பி வந்தாள். "பெரியத்தா, இதையெல்லாம் பிரிக்கவே முடியாதாம். ஒவ்வொரு கட்டையையும் பசை போட்டு ஒட்டிவிட்டார்களாம்" என்றாள்.

"ஒட்டாவிட்டால் ஊர் ஊராக எடுத்துச் செல்ல முடியுமா, அம்மா?" என்றேன்.

"ஒட்டிவிட்டால் அப்புறம் அது எப்படி லெகோ?"

என்னிடம் விடையில்லை. பொறியாளர் உரக்கச் சிரித்து, "இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாம் மூவரும் இன்று மாலைவரை ஓட்டலாம்" என்றார். அவ்வாறே ஆயிற்று. வெளிக்கூடத்தில் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொண்டோம்.

அந்தக் கட்டையின் வரலாற்றைப் பொறியாளர் நன்கு அறிந்திருந்தார். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்னும் தச்சர் ஒருவர், பொருளாதார மந்தத்தால் வீடு கட்டும் வேலை குறைந்துபோன காலத்தில், 1932 இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். நன்றாக விளையாடு என்னும் பொருள் தரும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934 இல் லெகோ என்று பெயரிட்டார். பிளாஸ்டிக்குக் கட்டை வந்தது 1949 இல். அதுவும் அவருடைய சொந்தக் கற்பனை அன்று. ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்னும் ஆங்கிலேயர் தம் கிட்டிகிராஃப்ட் நிறுவனத்தில் செய்திருந்த கட்டையே அதற்கு முன்மாதிரி. பேஜ் 1957 இல் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1958 ஜனவரி 28 அன்று, ஓலே கிர்க்கின் மகன் காட்ஃபிரட், கட்டையின் அடிப்புறத்தில் குழாய்களை வைத்து, மேலுள்ள குமிழ்களை அவை இறுகப் பிடிக்குமாறு செய்த அமைப்புக்குக் காப்புரிமை கோரினார். உலகம் அறிந்த கட்டை இதுதான். அச்சுகள் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையோடு வார்க்கப்படுகின்றன. ஆகையால் 1958 இன் கட்டையும் இன்று வார்த்த கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். பாட்டனின் கட்டையும் பேரனின் கட்டையும் பொருந்துவது பெரிய செய்தி. மனிதர்களுக்கே அது வாய்ப்பதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். லெகோ என்பது இலத்தீன் மொழியிலும் ஒரு சொல். ஒன்று சேர்க்கிறேன் என்றும், வாசிக்கிறேன் என்றும் அதற்குப் பொருள். பெயர் வைத்தவர் அதை எண்ணி வைக்கவில்லை. ஆனால் அரபு அகராதி ஆசிரியர்களைப் புரட்டியவர்களுக்கு இது உடனே மணி அடிக்கும். ஓதுதலைக் குறிக்கும் 'கரஅ' என்னும் வினையின் மூலப் பொருள், ஒன்றை ஒன்றோடு சேர்த்துத் திரட்டுதல் என்றே லிஸானுல் அரப் முதலிய அகராதிகள் கூறும். உறவற்ற இரு மொழிகள், எழுத்தோடு எழுத்தைச் சேர்ப்பதே வாசிப்பு என்று தனித்தனியே கண்டிருக்கின்றன. தமிழில் நூல் என்பது இழைத்துத் திரித்தது. அதுவும் அவர்களுக்கு அண்டை வீடுதான்.

பொறியாளர் ஒரு கணக்கை எடுத்துப் போட்டார். எட்டுக் குமிழ்கள் கொண்ட, ஒரே நிறத்துக் கட்டைகள் இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்றை 1,060 விதமாக. ஆறு கட்டைகளை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? நிறுவனத்தார் நெடுங்காலமாக 10,29,81,500 என்று சொல்லி வந்தனர். ஆறு கட்டைகளும் ஆறு அடுக்காக நிற்கும் கோபுரங்களை மட்டுமே அந்தக் கணக்கு எண்ணியிருந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் சோரன் எய்லர்ஸ் கணிப்பொறியின் துணையோடு எல்லா அமைப்புகளையும் எண்ணியபோது 91,51,03,765 வந்தது. ஆறே ஆறு கட்டைகளுக்கு!

"இப்போது சொல்லுங்கள், ஹளரத். 1958 இல் அந்தக் கட்டை வார்க்கப்பட்ட கணத்திலேயே இந்தத் தொண்ணூற்றொரு கோடி உருவங்களும் அதற்குள் அடங்கிவிட்டன. மஞ்சள் மனிதனும் அன்றே அடங்கிவிட்டான். சவாயா என்ன படைத்தார்? ஏற்கெனவே இருந்த ஒன்றைத் தேடி எடுத்தார், அவ்வளவுதானே? அப்படிப் பார்த்தால் கம்பனும் 247 எழுத்துகளுக்குள் கிடந்ததைத்தான் பொறுக்கி எடுத்தான்" என்றார்.

இது எளிதில் தள்ளக்கூடிய வாதம் அன்று. எனக்கு நான் ஓதிய காலத்துத் திண்ணை நினைவுக்கு வந்தது. அங்கே தஃப்தாஸானியின் ஷர்ஹுல் அகாயிதை எங்கள் உஸ்தாத் நடத்துவார்கள். உலகின் பருப்பொருள்கள் யாவும் மேலும் பிரிக்க இயலாத நுண்பகுதிகளால் ஆனவை. அந்தப் பகுதிக்கு ஜவ்ஹர் என்று பெயர். நிறம், அசைவு, சூடு போன்றவை அதன்மேல் வந்து போகும் பண்புகள். அவற்றுக்கு அரள் என்று பெயர் என்பது கலாம் வல்லுநர்களின் கொள்கை. ஒரு பொருள் உருவாக எத்தனை ஜவ்ஹர்கள் வேண்டும் என்றுகூட அவர்கள் வாதிட்டனர். முஃதஸிலாக்களின் முன்னோடியான அபுல் ஹுதைல் ஆறு போதும் என்றார். வலம், இடம், மேல், கீழ், முன், பின் என்று ஆறு. முஅம்மர் என்பவர் எட்டு வேண்டும் என்றார். நள்ளாம் என்பவரோ பிரிக்க இயலாத பகுதி என்று ஒன்று இல்லவே இல்லை என்று மறுத்தார். பின்னர் அஷ்அரி மரபில் பாகில்லானி (இறப்பு 1013) முதலியோர் இக்கொள்கையை வலுவாகக் கட்டி எழுப்பினர். எந்த அரளும் இரண்டு கணம் நிலைப்பதில்லை, ஒவ்வொரு கணமும் அது புதிதாகவே படைக்கப்படுகிறது என்றனர். தமிழ் நிலத்திலும் இந்தப் பேச்சு பழையது. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் உரைக்கும் காதையில் ஆசீவகர் அணுக்கொள்கையை எடுத்துரைக்கக் காண்கிறோம். அணு புதிதாகத் தோன்றுவதில்லை, அழிவதில்லை, சேரும், பிரியும் என்பதே அவர் சொல்வதன் சாரம். பத்துப் பதினைந்து வயதில் நாங்கள் இதையெல்லாம் பொருள் விளங்காமல் மனனம் செய்தோம். ஒரு கூடை லெகோக் கட்டைகளை உஸ்தாத் நடுவில் கொட்டியிருந்தால் ஒரே பாடத்தில் விளங்கியிருக்கும்.

ஆயினும் பொறியாளருக்கு நான் விடையாகத் தந்தது கலாமிலிருந்து அன்று, அகராதியிலிருந்து. ஹிஜ்ரி 2 ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அரபு மொழியின் சொற்களையெல்லாம் ஒன்றுவிடாமல் தொகுக்க எண்ணினார். தெருத்தெருவாய்ச் சொல் பொறுக்கினால் முடியாது என்று கண்டார். எனவே கணக்கில் இறங்கினார். இரண்டெழுத்து மூலத்தை 2 விதமாக மாற்றலாம். மூன்றெழுத்தை 6 விதமாக. நான்கெழுத்தை 24 விதமாக. ஐந்தெழுத்தை 120 விதமாக. இப்படிக் கிடைக்கக்கூடிய வடிவங்களையெல்லாம் வரிசைப்படுத்திவிட்டு, ஒவ்வொன்றின்மீதும் நின்று கேட்டார்: அரபியர் இதைப் பேசினரா, இல்லையா? பேசியிருந்தால் அது முஸ்தஃமல், வழக்குடையது. பேசாவிட்டால் முஹ்மல், கைவிடப்பட்டது. கிதாபுல் ஐன் என்னும் முதல் அரபு அகராதியின் அடிப்படை இதுவே.

"கணக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. அந்த இடத்தில் குடியேற ஓர் ஆள் வேண்டும். தொண்ணூற்றொரு கோடியில் பெரும்பகுதி முஹ்மல். அவை இல்லாதவை அல்ல. ஆனால் அவற்றில் யாரும் குடியிருக்கவில்லை. மஞ்சள் மனிதன் ஒருவனுடைய வலியிலிருந்து வந்து அங்கே குடியேறினான்" என்றேன். மனிதன் தன் செயலைப் படைப்பதில்லை, ஈட்டுகிறான் என்று அஷ்அரிகள் கஸ்பு என்னும் சொல்லால் குறிப்பதையும் சொன்னேன். சவாயா கட்டையைப் படைக்கவில்லை. கட்டைகள் சேரும் முறையையும் படைக்கவில்லை. அந்தச் சேர்க்கையை ஈட்டினார். கூலிக்காரன் கூலியை ஈட்டுவதுபோல் அதில் வியர்வை உண்டு. பொறியாளர் முழுதும் ஒப்பவில்லை. "ஈட்டுதல் என்பது நல்ல சொல். நினைவில் வைத்துக்கொள்கிறேன்" என்று மட்டும் சொன்னார். வாதத்தில் அவர் இவ்வளவு இறங்கி வந்ததே பெரிது.

ஆனால் பெண் பிள்ளையின் கேள்வி அப்படியே இருந்தது. ஒட்டிவிட்டால் அது எப்படி லெகோ?

பசை பற்றிச் சிறிது விளக்க வேண்டும். சவாயா ஒவ்வொரு கட்டையையும் வைக்கும்போதே பசையிட்டுத்தான் வைக்கிறார். தவறு நேர்ந்தால் உளியும் சுத்தியலும் கொண்டு பெயர்க்க வேண்டியிருக்குமாம். ஆக அங்கே கட்டை தன் இயல்பில் பாதியை இழந்துவிடுகிறது. சேரும் தன்மையும் பிரியும் தன்மையும் அதற்கு இரண்டு கால்கள். பசை ஒரு காலை வெட்டிவிடுகிறது. தோழர் பசையின் பக்கம் பேசினார். "கிதாபைத் தைத்து அட்டை போடுகிறோமே, ஏன்? உதிரித்தாளாக விட்டால் கறையான் கொண்டுபோகும். செய்ததைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒட்டித்தான் ஆக வேண்டும். கடைக்காரன் சொல்கிறேன்: கட்டாத மூட்டை ஊர் போய்ச் சேராது." நியாயந்தான். அந்தப் பசை இல்லாவிட்டால் அமெரிக்காவில் செய்த உருவத்தைச் சிங்கப்பூரில் நாங்கள் பார்த்திருக்க மாட்டோம்.

நான் பலகையின் பக்கம் பேசினேன். என் பிள்ளைப் பருவத்தில் ஓதும் பள்ளியில் மரப்பலகையில் பாடத்தை மையால் எழுதித் தருவார்கள். மனனம் ஆனதும் பலகையைக் கழுவி வெயிலில் காயவைத்து, மறுபாடத்துக்கு நீட்ட வேண்டும். கழுவுகிற நாள் எங்களுக்குப் பெருநாள். அழிந்ததே என்று எந்தப் பிள்ளையும் அழுததில்லை. பலகையில் அழியாத மையால் எழுதியிருந்தால் வாழ்நாளெல்லாம் ஒரே பாடத்தோடு நின்றிருப்போம்.

இரண்டு பேரும் சரியாகவே பேசினோம்; ஆகையால் எங்கும் போய்ச் சேரவில்லை. பசையிட்டதால் தீங்கு என்றால், அந்தத் தீங்கு யாருக்கு? கட்டைக்கு உரிமை என்று ஒன்றும் இல்லை, அது நோவதில்லை. பார்வையாளருக்கு நன்மையே. செய்தவருக்கும் விருப்பமே. ஆயினும் அந்தப் பெண்ணின் முகம் வாடியதே; அந்த வாட்டத்துக்குக் காரணம் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கண்காட்சியின் முடிவில் பிள்ளைகள் தாமே கட்டி விளையாட ஓர் இடம் விட்டிருந்தார்கள். பெட்டிகளில் பசையிடாத கட்டைகள். அவள் அங்கே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எதையோ கட்டினாள். வீடா, படகா, பறவையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. என்ன என்று கேட்டதற்கு, "இன்னும் ஆகவில்லை, பெரியத்தா" என்றாள். நேரம் ஆயிற்று என்று தந்தை அழைத்தபோது, அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டியதைத் தானே இரண்டாகப் பிட்டு, நான்காக்கி, உதிர்த்துப் பெட்டிக்குள் போட்டாள். எனக்குத்தான் திடுக்கென்றது. "வருத்தமாக இல்லையா?" என்றேன். "கட்டை அவங்களுடையதுதானே" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த உதிரும் ஓசைதான் நான் முன்னர் சொன்ன முள்ளை அழுத்தியது.

1993 இல் எனக்கு இருபத்து மூன்று வயது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கச் சேர்ந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், ஆற்றுக் களிமண்ணில் ஒரு குதிரை செய்து வெயிலில் உலர்த்தி, ஓதும் பலகைக்கு அடியில் மறைத்துக் கொண்டு வந்திருந்தான். ஒரு சாண் உயரம் இருக்கும். பிடரியைத் தென்னை ஈர்க்கால் கீறிக் கீறி மயிர் வைத்திருந்தான். மற்றப் பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். நான் அதை வாங்கி, உருவம் செய்வது ஆகாது என்று உரத்த குரலில் சொல்லி, எல்லாரும் பார்க்க அதன் தலையை ஒடித்தேன். தலையற்றது உருவமாகாது என்னும் சட்ட நுணுக்கம் எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சரியாக நிறைவேற்றிவிட்டதாக ஒரு பெருமையும் இருந்தது. மிச்சத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் ஆறுதலாக இருக்கும். அபூதாவூத் கிதாபில் ஆயிஷா நாயகியின் பொம்மைகளைப் பற்றிய செய்தியை நான் அதற்கு முன்பே ஓதியிருந்தேன். திரை காற்றில் விலகுகிறது. பொம்மைகளுக்கு நடுவே துணித் துண்டுகளால் இறக்கை வைத்த குதிரை ஒன்று தெரிகிறது. பெருமானார் (ஸல்) அது என்ன என்று வினவுகிறார்கள். குதிரைக்கு இறக்கையா என்று வியக்கிறார்கள். சுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்தன அல்லவா என்று அந்த இளம் பெண் திருப்பிக் கேட்கிறார். பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரிக்கிறார்கள். இந்தச் செய்தியைப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். இஹ்யாவில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்), பிள்ளைகளை விளையாட விடாமல் ஓயாது படிப்பிலேயே அழுத்தினால் அவர்களுடைய உள்ளம் செத்துவிடும் என்று எச்சரித்திருப்பதும் படித்ததுதான். தெரிந்திருந்தும் ஒடித்தேன். அதில் மார்க்கப் பற்று ஒரு பங்கு என்றால், புதிதாக வந்த இளைஞன் பிள்ளைகளிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கண்டிப்பானவன் என்று பெயரெடுக்கும் ஆசை மூன்று பங்கு.

அந்தச் சிறுவன் அழவில்லை. தலையையும் உடலையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பாடத்துக்கு உட்கார்ந்தான். அதன்பின் நான் அந்த ஊரில் இருந்த நான்கு ஆண்டுகளில் அவன் கையில் மண்ணை நான் பார்க்கவே இல்லை. மற்றப் பிள்ளைகள் ஆற்றில் இறங்கிச் சேற்றில் புரளும்போதுகூட அவன் படியில் நின்றிருப்பான். பாடத்தில் எந்தக் குறையும் வைத்ததில்லை.

சிங்கப்பூரில் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பசையா, பிரிவா என்று நாங்கள் பகலெல்லாம் பேசியது இடம் மாறிப் பேசிய பேச்சு என்று பட்டது. களிமண்ணில் பசை இல்லை. ஒடிந்த குதிரையை அவன் நீரில் நனைத்துப் பிசைந்திருந்தால் மாலைக்குள் இன்னொரு குதிரை எழுந்திருக்கும். மண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. தோழரின் மகளும் தன் கட்டடத்தை உடைத்தாள். அவளுக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அவள் கட்டியதை அவளுடைய கையே பிரித்தது. அவன் கட்டியதைப் பிரித்தது என் கை. சேர்க்கையை ஈட்டுதல் என்று நான் பொறியாளரிடம் அவ்வளவு நயமாகச் சொன்னேனே, ஈட்டியவனுக்குத்தானே அதைக் கலைக்கவும் உரிமை? சவாயா தம் மஞ்சள் மனிதனைப் பசையிட்டு நிறுத்தினாலும், நாளை சுத்தியலால் உடைத்தாலும், அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பார்வையாளர் கூட்டத்திலிருந்து ஒருவன் கயிற்றைத் தாண்டிப் போய் அதன் தலையைத் திருகியிருந்தால்? நாங்கள் நால்வரும் கூச்சலிட்டிருப்போம். ஓதும் பள்ளியில் கயிறு இல்லை, காவலாளி இல்லை. அங்கே காவலுக்கு நியமிக்கப்பட்டவனே நான்தான்.

இதை எதிர்த்தும் ஒருவர் பேசலாம். நானே எனக்குள் பேசிப் பார்த்திருக்கிறேன். ஆசிரியன் என்பவன் பிள்ளை கட்டியதையெல்லாம் தொடாமல் விட்டால் கற்பிப்பது எவ்வாறு? தவறான எழுத்தை அழித்துத்தானே சரியான எழுத்தைப் போடுகிறோம்? உண்மை. நான் எத்தனையோ பலகைகளில் தவறுகளை அழித்திருக்கிறேன். அவை எதுவும் என்னை உறங்கவிடாமல் செய்ததில்லை. அழித்த இடத்தில் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தே மறுபடி எழுத வைத்தேன் என்பது காரணமாயிருக்கலாம். குதிரையின் தலையை ஒடித்தபின் அவன் கையைப் பிடிக்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எதை எழுத வைத்திருப்பேன்?

ஊர் திரும்பியதும் அவனைத் தேட எண்ணினேன், எண்ணியதோடு சரி. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்க்காரர் ஒருவர் வழியாக எண் கிடைத்தது. வளைகுடா நாடொன்றில் கனரக வாகனம் ஓட்டுகிறார் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் சலாம் சொல்லி, மனைவி மக்களைப் பற்றியெல்லாம் மகிழ்ச்சியாகப் பேசினார். ஒன்பது வயதில் 'நீ' என்று அழைத்தவரை இப்போது எப்படி அழைப்பது என்று தடுமாறி, 'நீங்கள்' என்றே பேசினேன். அதுவே அவருக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சு முடியும் தறுவாயில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குதிரையைப் பற்றிச் சொன்னேன். நான் செய்தது தவறு என்றும் சொன்னேன்.

சிறிது நேரம் எதிர்முனையில் வண்டி இரைச்சல் மட்டும் கேட்டது.

"எந்தக் குதிரை, ஹளரத்?" என்றார்.

மெய்யாகவே மறந்துவிட்டாரா, ஓதிக் கொடுத்தவன் மனம் நோகக்கூடாது என்று மறந்ததாகச் சொன்னாரா, அந்தக் குரலிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி கேட்கும் துணிவும் இல்லை. கண் பார்வை எப்படியிருக்கிறது, கிதாபு படிக்க முடிகிறதா என்று விசாரித்தார். விடுமுறையில் வரும்போது நல்ல பேரீச்சம்பழமாகப் பார்த்துக் கொண்டுவருவதாகச் சொல்லி, சலாம் கூறி வைத்தார்.